பேரில்லாத நூத்தி முப்பத்தேழு ஃபைல்

அரிசியில போட்டு வெச்சீங்களா! ஏனுங்க அம்மிணி, தண்ணியில விழுந்த ஃபோனை அரிசி டப்பாவுல போடச் சொல்லி எந்த மகராசன் உங்களுக்குச் சொன்னான்? வாட்ஸப்புல வந்துச்சா. அதான பார்த்தேன். மூணு நாளா வெச்சிருந்தீங்க? அரிசிக்கு ஒண்ணும் ஆகலையே? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நான் பாலிடெக்னிக்குல இருபத்தெட்டு வருசம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவ. மடத்தனத்தைக் கண்டா வாய் சும்மா இருக்காது.

உட்காருங்க, நின்னு ஒண்ணும் ஆகப் போறதில்லை. உங்களைக் கூப்பிட இன்னும் ஒரு மணி நேரமாகும். கண்ணாடிக்கு உள்ள ஒருத்தன் உட்கார்ந்திருக்கான் பாருங்க, கிரிதரன்னு பேரு. ஒரு கையில முறுக்கு, ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர். ஃபோன்ல, கம்ப்யூட்டர்ல அழிஞ்சு போனதை எடுத்துக் குடுக்கறதுல கோயமுத்தூர்லயே இவன்தான் கெட்டிக்காரனாம். கெட்டிக்காரனோட லட்சணத்தைப் பார்த்துக்குங்க.

நான் கோபியில இருந்து வர்றேன். இதோட நாலாவது தடவை. நாலு தடவை வர்றாளே, அப்படி என்னத்தைத் தொலைச்சான்னு நினைப்பீங்க. நான் எதையும் தொலைக்கலைங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். நடந்ததைக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குதுன்னு.

எங்க வீட்டுல ஒரு சர்வர் இருக்குது. சர்வர்னா ஓட்டல் சர்வர் இல்லைங்க. இதை ஒருக்கா என்ற நாத்தனார்கிட்டச் சொல்லி, அவ நாங்க சமையலுக்கு ஆள் வெச்சிருக்கோம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டா. அது காலேஜ்ல கழிச்சுப்போட்ட பழைய கம்ப்யூட்டர். நான் தூக்கிட்டு வந்து, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு, டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழ வெச்சேன். எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். போட்டோ, மகளோட கல்யாண வீடியோ, பாட்டு, எல்லாம் அதுக்குள்ள. வீட்டுல எந்த மூலையில இருந்தும் ஃபோன்ல தொட்டா வரும். எங்க தெருவுல அப்படி ஒண்ணு வேற யாரு வீட்டுல இருக்குதுன்னு கேட்டுப் பாருங்க. சர்வர்னா என்னன்னே தெரியாது ஒருத்தனுக்கும்.

அதுல முக்காவாசி எங்கூட்டுக்காரரோடதுதான். சென்னியப்பன்னு பேரு. கோபி, அந்தியூர், கவுந்தப்பாடி பக்கம் போய் மைக் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா தெரியும். பொழப்பு சொசைட்டியில கிளார்க். சனி ஞாயிறானா கபடி மேட்ச்ல வர்ணனை. முப்பது வருசம். காசுக்கு இல்லைங்க, ஒரு துண்டு போடுவாங்க, ஒரு டீ குடுப்பாங்க, அதுக்கு. விளையாடறவன் நாப்பது நிமிசம் மூச்சுப் பிடிப்பான், இவரு நாள் முச்சூடும் பிடிப்பாரு. நான் ஒரு மேட்ச்சுக்குக் கூடப் போனதில்லை. மண்ணுல உருளறதையும், அதை ஒருத்தர் மைக்ல சொல்றதையும் பார்க்கறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து?

சவுண்டு சர்வீஸ்காரங்க அதையெல்லாம் கேசட்டுல பிடிச்சுக் குடுப்பாங்க. இருநூத்திப் பன்னண்டு கேசட்டு. பீரோவுக்கு மேல, கட்டிலுக்கு அடியில, எங்க பார்த்தாலும். நான் ரிட்டயர் ஆன வருசம் அவருக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. கேன்சர். குரல்வளையையே எடுத்துட்டாங்க. இப்ப கழுத்துல ஒரு ஓட்டை, அதுல மூச்சு விடறாரு. பேச்சு இல்லை. சட்டைப் பையில ஒரு குட்டி நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதான் அவரோட வாய்.

ஆசுபத்திரியில இருந்து வந்த பொறவு அந்தக் கேசட்டை எல்லாம் ஒவ்வொண்ணா ஓட விட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். நான்தான் ஏத்தினேன், நான் கேட்கலைங்க. ஸ்பீக்கரை அமத்திப்போட்டு ஏத்துவேன். ஒன்னரை வருசமாச்சு. ஏத்தி முடிச்சதும் கேசட்டை எல்லாம் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டேன். பூஞ்சை பிடிச்ச கேசட்டை யாராவது வீட்டுல வெச்சிருப்பாங்களா? அவரு வாசப்படியில நின்னு வண்டி போறதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. வேண்டாம்னா நோட்டுல எழுதிக் காட்டியிருக்கலாமல்ல? எழுதலை.

தினமும் மத்தியானம் மூணு மணிக்கு இயர்ஃபோனை மாட்டிக்கிட்டு சாய்வு நாற்காலியில உட்காருவாரு. அஞ்சு மணி வரைக்கும் அவரு பேசினதை அவரே கேட்பாரு. இப்படி ஒரு மனுசனை எங்கியாவது பார்த்திருக்கீங்களா?

எங்க பக்கம் கரண்டு போய்ப் போய் வரும். வந்ததும் அந்தச் சர்வர் எந்திரிக்க ஒம்பது நிமிசம் ஆகும். பழைய டிஸ்க்கு, கிரகிரன்னு அரைச்சுக்கிட்டே கெடக்கும். அந்த ஒம்பது நிமிசமும் இவரு ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு, வராத பஸ்ஸுக்கு நிக்கறவராட்டம் உட்கார்ந்திருப்பாரு. ஒரு வார்த்தை எழுத மாட்டாரு. அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலைங்க எனக்கு. அதுக்காகத்தான் எஸ்.எஸ்.டி.ன்னு வேகமா ஓடற புது மாதிரி டிஸ்க்கு போடறதுன்னு முடிவு பண்ணினேன். சர்வர் ஓடற லினக்ஸை மட்டும் பழைய டிஸ்க்குல இருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாத்திட்டா அரை நிமிசத்துல எந்திரிச்சுரும். பாட்டு, வீடியோ, கபடி எல்லாம் வேற டிஸ்க்குல இருக்குது, அதைத் தொட வேண்டியதே இல்லை. நான் இதை எத்தனை பேருக்குப் பாடமா நடத்தியிருப்பேன்.

எஸ்.எஸ்.டி. வாங்கப் போனேன். கடைக்காரரு முஸ்தபா. முன்னால ரேடியோ ரிப்பேர் பார்த்தவரு, இப்ப கம்ப்யூட்டர் விக்கறாரு, காலம் அப்படி. அவரு சொல்றாரு, "டீச்சர், எதுக்கும் அந்தப் பாட்டு இருக்கற டிஸ்க்கோட வயரைக் கழட்டி வெச்சுப்போட்டு வேலையைப் பண்ணுங்க."

"ஏன்?"

"கைதவறிப் போச்சுன்னா..."

"யாருக்குக் கை தவறும்? நான் பாடம் எடுக்கையில நீங்க ரேடியோவுக்கு ஈயம் வெச்சுக்கிட்டு இருந்தீங்க முஸ்தபா"ன்னேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே பை போட்டுக் குடுத்தாரு.

என்ற மகளும் ஃபோன்ல அதேதான். பெங்களூர்ல இருக்கா. "ம்மா, முதல்ல ஒரு காப்பி எடுத்து க்ளவுட்ல போட்டுரு." அவளுக்கு எதுக்கெடுத்தாலும் க்ளவுட். பிள்ளையோட ஹோம்வொர்க்கைக் கூட அங்கதான் வெச்சிருக்கா. தன் வீட்டுச் சாமானைக் கொண்டுபோய் எவனோ ஒருத்தன் கிடங்குல போடறதுக்கு இவளை நான் இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்.

ஒரு புதன்கிழமை காலையில, சாப்பாட்டு வேலை முடிஞ்சதும் உட்கார்ந்தேன். மூடியைக் கழட்டினேன், எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன், காப்பி எடுக்கற ப்ரோக்ராமை ஓட விட்டேன். எதுல இருந்து எடுக்கட்டும்னு கேட்டுச்சு. பழைய டிஸ்க்கைக் காட்டினேன். எதுல எழுதட்டும்னு கேட்டுச்சு. லிஸ்ட்ல ரெண்டு டிஸ்க்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். பேரும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இதை எழுதின பயலுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருந்திருந்தா ஒண்ணுக்குப் பக்கத்துல இது புதுசு, இன்னொண்ணுக்குப் பக்கத்துல இது சென்னியப்பன்னு எழுதி வெச்சிருக்க மாட்டானா? நான் ஒண்ணைத் தொட்டேன். இதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுரும், சம்மதமான்னு கேட்டுச்சு. அது எப்பவும் கேட்கறதுதான். சம்மதம்னேன்.

ஒரு மணி நேரம் ஓடுச்சு. முடிஞ்சதும் மூடியைப் போட்டு ஆன் பண்ணிப்போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். பத்து நிமிசம் ஆச்சுங்க. ஒம்பது கூட இல்லை, பத்து.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா முஸ்தபா கடைக்குப் போனேன். "டூப்ளிகேட் சாமானை டீச்சர்கிட்டயே விக்கறீங்களா?"ன்னு கேட்டேன். மெதுவாக் கேட்கலை. அவரு கடையை மச்சானைப் பார்த்துக்கச் சொல்லிப்போட்டு என்ற கூடவே ஸ்கூட்டர்ல வந்தாரு. எஸ்.எஸ்.டி.யைக் கழட்டி அவரு லேப்டாப்ல மாட்டிப் பார்த்தாரு. பார்த்துப்போட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு.

"டீச்சர், இது கடையில இருந்து வந்த மாதிரியே இருக்குது. இதுல ஒரு எழுத்துக் கூட எழுதலை."

"நான்தான் எழுதினேனே. ஒரு மணி நேரம் ஓடுச்சே."

"அப்ப எதுல எழுதுனீங்க?"

அப்பத்தான், அம்மிணி, அப்பத்தான் எங்கூட்டுக்காரரு உள்ள இருந்து ஃபோனையும் இயர்ஃபோனையும் தூக்கிக்கிட்டு வர்றாரு. மூணு மணி ஆச்சாம். நோட்டுல எழுதி என்ற முன்னால நீட்டறாரு: 'ஒன்றும் வரவில்லை.' அவரு எழுதறது எப்பவும் பள்ளிக்கூடத் தமிழ்ல. பேசினப்ப அப்படிப் பேசினதில்லை.

முஸ்தபாதான் சொன்னாரு. மெதுவா, ஆசுபத்திரியில சொல்ற மாதிரி. இவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பறம் எழுதினாரு: 'பரவாயில்லை.'

பரவாயில்லையாம்! எனக்கு மேலுக்குத் தீ வெச்ச மாதிரி இருந்துச்சு. முப்பது வருசம் பேசினது போயிருக்குது, கேசட்டும் இல்லை, தொண்டையும் இல்லை, ஒரு மனுசன் கையில கிடைக்கறதைத் தூக்கி எறிய வேண்டாமா? கட்டினவளைப் பார்த்து ஒரு வார்த்தை கெட்ட வார்த்தையா எழுத வேண்டாமா? பேனாவை மூடிப் பையில குத்திக்கிட்டு உள்ள போய்ப் படுத்துட்டாரு. இந்த மாதிரி ஆளுங்களோட குடும்பம் நடத்தறது இருக்குதே, அது உங்களுக்குத் தெரியாது.

முஸ்தபாதான் இந்தக் கடை அட்ரஸைக் குடுத்தாரு. டிஸ்க்கை அப்படியே கழட்டுங்க, இனி ஆன் பண்ணாதீங்கன்னு சொன்னாரு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சொன்னாரு.

இந்தக் கிரிதரன் டிஸ்க்கை வாங்கி, முறுக்கைக் கீழ வெச்சுப்போட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மேல எழுதினது எவ்வளவும்மா?" பழைய டிஸ்க்கு சின்னது. அதனால முன்னால மூணுல ஒரு பங்குதான் போச்சு, மீதியில தேடிப் பார்க்கலாம்னான். எட்டு நாள் ஆச்சு. கல்யாண வீடியோவுல தாலி கட்டறது வரைக்கும் வந்துச்சு, சாப்பாடு வரலை. நல்லதாப் போச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட்டதை ஒருக்காப் பார்த்ததே போதும். கபடியில நூத்தி முப்பத்தேழு ஃபைல் வந்துச்சு. ஆனா ஒண்ணுக்கும் பேரில்லை. நான் ஊரு, வருசம் எல்லாம் போட்டு அழகா வெச்சிருந்தேன். எல்லாம் போய், வெறும் நம்பரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. வரிசையும் கெடையாது. முன்னது பின்னால, பின்னது முன்னால.

பேரில்லாத ஃபைலை நான் வீட்டுல வெச்சுக்க மாட்டேன். எது எந்த ஊருன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ஒருத்தருதான். அவருக்கு டைப் அடிக்க வராது. அதனால மூணு மணிக்கு நானும் பக்கத்துல உட்கார வேண்டியதாப் போச்சு. இயர்ஃபோனை எடுத்துப்போட்டு ஸ்பீக்கரை வெச்சேன். அவரு கேட்டுச் சொல்ல, சரியாச் சொல்றாரான்னு நான் பார்க்கணுமல்ல?

முதல் ஃபைலைத் தட்டினேன்.

நாலு வருசமா அந்த வீட்டுல என்ற சத்தம் மட்டும்தாங்க. குக்கரு, டி.வி., நானு. திடீர்னு ஹாலுக்குள்ள அவரு பேசறாரு. 'இதோ வலது பக்கம் போனாரு, திரும்பினாரு, அய்யய்யோ, காலைப் பிடிச்சுட்டாங்களே, கோட்டைத் தொட்டுட்டாரா, தொட்டுட்டாருங்கோ!' அப்படின்னு. உட்கார்ந்த இடத்துல இருந்து எந்திரிச்சுட்டேன். வால்யூம் அதிகமா வெச்சதுனாலதான். குறைச்சேன்.

பத்து செகண்டு கேட்பாரு, நோட்டுல எழுதுவாரு. 'கவுந்தப்பாடி, 2003, மழை வந்து நின்ற ஆட்டம்.' அடுத்தது. 'அந்தியூர், 1998, நடுவரை அடித்தார்கள்.' ஒருத்தன் கால் எதுல சுளுக்குச்சு, எந்த ஊர்ல டீயில சர்க்கரை போடலை, அதெல்லாம் ஞாபகம் இருக்குது. ரேசன் கார்டு எங்க இருக்குதுன்னு கேட்டா தெரியாது. இதெல்லாம் தெரியும்.

அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, எம்பத்தெட்டாம் நம்பர் ஃபைலு. ஒருத்தன் ஏறி வர்றான் போல. இவரு சொல்றாரு: 'பாருங்க பாருங்க, வர்றதைப் பாருங்க! எங்கூட்டு டீச்சரம்மா காலேஜ் முடிஞ்சு வாசப்படி ஏறி வர்ற மாதிரியே வர்றாரு! ஏழு பேரும் மூலைக்கு மூலை ஒளியறாங்க! பயப்படாதீங்க தம்பிகளா, நான் இருவது வருசமாச் சமாளிக்கலையா!' ஆயிரம் பேரு சிரிக்கற சத்தம். விசில் வேற.

நான் அவரைப் பார்த்தேன். அவரு மின்விசிறியைப் பார்த்தாரு.

விடுவேனா? முன்னால கேட்டதையும் சேர்த்து, தொண்ணூறாம் நம்பர் வரைக்கும் எல்லாத்தையும் முழுசா ஓட விட்டேன். பத்து செகண்டுல நிறுத்தினதால தப்பிச்சிருந்தாருங்க. நாப்பத்தோரு இடத்துல நானு. அவுட் ஆனவன் அசையாம நின்னா, 'எங்கூட்டுல உப்புக் கம்மின்னு சொல்லிப்போட்டு நானும் இப்படித்தானுங்க நின்னேன்.' நடுவரு விரலை நீட்டினா, 'டீச்சரம்மா தீர்ப்பு சொல்லியாச்சு, அப்பீல் இல்லை.' ஊரு ஊரா. முப்பது வருசமா. கோபிச் சந்தையில என்னைக் கண்டா ஜனங்க சிரிச்சுக்கிட்டே வழி விடுவாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க கூட "டீச்சரம்மா வாங்க"ன்னு சொல்லுவாங்க. படிச்சவங்கற மரியாதைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"ன்னு கேட்டேன். 'மக்கள் சிரித்தார்கள்'னு எழுதினாரு. ரெண்டு நாள் அவருகிட்ட நான் பேசலை. அவருக்குப் பேச முடியாது, நானும் பேசலைன்னா அந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுக்குங்க. மூணாம் நாளு மூணு மணிக்கு அவரே வந்து ஸ்பீக்கரை ஆன் பண்ணினாரு. ஒரு விரலாலயே தட்டி, அடுத்து இருந்த தொண்ணூத்தொண்ணாம் நம்பரைப் போட்டாரு.

அது கடைசி மேட்ச்சு. குரலைக் கேட்டாலே தெரியுது. கரகரன்னு, உமி அரைக்கற மாதிரி. அப்ப ஆறு மாசம் இப்படித்தான் இருந்துச்சுங்க. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு, மிளகு கசாயம் குடிங்கன்னு சொன்னேன். ஆறு மாசமும் மிளகு கசாயம்தான் வெச்சுக் குடுத்தேன். நான் என்ன டாக்டரா? ஸ்பீக்கர்ல கேட்கறப்ப எந்த மடையனுக்கும் தெரியுது, அது கட்டிக்கிட்ட தொண்டை இல்லைன்னு. நேர்ல... நேர்ல தெரியலைங்க. நான் அப்ப அவரு பேசறதைக் கேட்கவே இல்லையோ என்னமோ.

அந்த ஃபைல்ல வழக்கம் போல என்னை ஒரு கேலி பண்ணறாரு. ஜனங்க சிரிக்கறாங்க. சிரிச்சு முடிச்சதும் இவரு இருமறாரு. இருமிப்போட்டுச் சொல்றாரு, 'ஆனா ஒண்ணு சொல்றேனுங்கோ. நான் கேலி பேசறேன், நீங்க சிரிக்கறீங்க. அந்தம்மா மட்டும் இல்லைன்னு வெச்சுக்குங்க...' அவ்வளவுதான். கட். அதுக்கு மேல கிர்ருன்னு ஒரு சத்தம்.

மேல எழுதினதுல அந்த இடம் போயிருச்சாம். கிரிதரன் சொல்றான். "அந்த இடத்துல இப்ப உங்க லினக்ஸ்தான்மா இருக்குது, எத்தனை தடவை வந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்." போன வாரமும் இதையேதான் சொன்னான். இன்னிக்கு மறுபடியும் பார்க்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். சரியாத் தேடியிருக்க மாட்டான். முறுக்குத் தின்னா எப்படித் தேடறது?

என்ன கேட்கறீங்க? அவரையே கேட்கலாமல்லன்னா? அது எனக்குத் தோணாதா? அன்னிக்கே கேட்டேன். "அந்தம்மா இல்லைன்னா என்ன? சொல்லுங்க. எழுதுங்க"ன்னு நோட்டைப் பிடுங்கி முன்னால வெச்சேன். பேனாவைத் திறந்தாரு. ரொம்ப நேரம் யோசிக்கற மாதிரி பாவலா பண்ணினாரு. அப்பறம் எழுதினாரு: 'ஞாபகம் இல்லை.'

எழுதிப்போட்டுச் சிரிக்கறாருங்க. சத்தமே வராத சிரிப்பு, தோளு மட்டும் குலுங்குது. கொழுப்பு. கவுந்தப்பாடி மழை ஞாபகம் இருக்குது, சர்க்கரை இல்லாத டீ ஞாபகம் இருக்குது, இது மட்டும் ஞாபகம் இல்லையாம்.

கிரிதரன் கையாட்டறான் பாருங்க. இல்லைங்கறான். சரி, குடு டிஸ்க்கை, நானும் பார்த்துக்கறேன்.

கிளம்பறேன் அம்மிணி. இன்னும் நாப்பத்தாறு ஃபைல் கேட்காம கெடக்குது. ஒரே கேலியை நாப்பத்தோரு இடத்துல சொன்ன ஆளு, இதை மட்டும் ஒருக்காத்தான் சொல்லியிருப்பாருங்களா?